ஐந்து கிராமுக்கும் ஐந்து டன்னுக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரிக்கான பொடியைச் செய்துவிட்டார்கள், இனி நாம் வெளிநாட்டை நம்பியிருக்க வேண்டாம் என்கிற தொனியில் தலைப்பு. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மாணவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை, அவர்கள் செய்திருப்பது நிஜமான வேலை. ஆனால் செய்தியை இரண்டு தடவை படித்தும் நான் தேடிய ஒரு விஷயம் அதில் கிடைக்கவில்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு பொடி செய்தார்கள்? கிராமா, கிலோவா? அந்த ஒரு எண் தெரிந்திருந்தால் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது புரிந்திருக்கும்.

நான் இந்தத் தொழிலில் இருந்தவன். பேட்டரியின் நேர்மின்வாய்க்குப் போகும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பொடியை (எல்எஃப்பி என்றுதான் எல்லோரும் சொல்வோம்) ஆய்வக அளவிலிருந்து பைலட் பிளான்ட் (தொழிற்சாலைக்கு முன்னால் சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஆலை) அளவுக்குக் கொண்டுபோகும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, விட்டுவிடுகிறேன். இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர், பஸ், சோலார் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பெட்டிகள் என்று எங்கே பார்த்தாலும் இந்தப் பொடிதான். கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம், இரும்பும் பாஸ்பேட்டும் லித்தியமும் போதும், தீப்பிடிக்கும் பயமும் குறைவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொடியின் செய்முறை ரகசியமே இல்லை. 1997-லேயே ஏ.கே. பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்களும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1980-களில், இந்த வகைச் சேர்மங்களுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவரும் இவர்தான். அதாவது யோசனையிலும் அடிப்படை அறிவிலும் நம்மவர்கள் பங்கு ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் இன்று உலகத்தில் இந்தப் பொடியின் மிகப் பெரும்பகுதி சீனாவில்தான் தயாராகிறது.

2025 ஜூலையில் சீன அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. எல்எஃப்பி பொடி தயாரிக்கும் தொழில்நுட்பத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதென்றால் இனிமேல் அரசின் அனுமதி வேண்டும் என்று. அக்டோபரில் அதே பொடியைச் செய்யும் இயந்திரங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதாக அறிவித்தார்கள், ரோலர் சூளை (உருளைகள் மேல் பெட்டிகள் நகர்ந்து போகும் நீளமான சூளை), சாண்ட் மில், ஜெட் மில் (இரண்டும் பொடியை நுணுக்கி அரைப்பவை) என்று ஒரு பட்டியல். அப்புறம் அதைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் பழைய ஷெட்டுக்குள் வாசலிலிருந்து கடைசி வரை நடந்து போவது மாதிரியே இருந்தது. யோசித்துப் பாருங்கள், கட்டுரை 1997-லிருந்து எல்லோருக்கும் கிடைக்கிறது. அப்படியென்றால் அவர்கள் பூட்டிவைப்பது எதை? கட்டுரையில் இல்லாத ஒன்றைத்தான். அது எங்கே கிடைக்கிறது என்று கேட்டால் பைலட் பிளான்டில், கெட்டுப்போன பேட்ச்களிலிருந்து (ஒரு தடவைக்குச் செய்யும் சரக்கை பேட்ச் என்போம்) கிடைக்கிறது. இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஆய்வகத்தில் இந்தப் பொடி எப்படிச் செய்வோம்? இரும்பு பாஸ்பேட், லித்தியம் கார்பனேட், கொஞ்சம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை. குளுக்கோஸ் எதற்கு என்றால், சூட்டில் அது கரியாகி ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய படலமாகப் படியும். எல்எஃப்பி தனியாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது, அந்தக் கரிப்படலம்தான் அதை உபயோகமுள்ள பொருளாக்குகிறது. கரியே இரும்பின் ஆக்சிஜனையும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. மூன்றையும் பால் மில்லில் (உருளும் குண்டுகளால் அரைக்கும் இயந்திரம்) அரைத்து, காயவைத்து, கட்டைவிரல் நீளத்து அலுமினா படகில் (படகு வடிவச் சின்னப் பீங்கான் தட்டு) ஐந்து கிராம் போட்டு, குழாய்ச் சூளைக்குள் தள்ளி, நைட்ரஜன் விட்டு 700 டிகிரிக்குக் கொண்டுபோனால் மறுநாள் கருப்பாக அழகான பொடி வரும். நல்ல ஆய்வகத்தில் நல்ல மாணவர் செய்தால் முதல் பத்துத் தடவைக்குள் கட்டுரையில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். பொடி எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்பதற்கான எண் அது, கிராமுக்கு 170 மில்லிஆம்பியர் மணி என்பது கணக்குப்படியான உச்சம். 150-ஐத் தாண்டினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இப்போது அதே கலவையை நான்கு கிலோ எடுத்து ஒரு கிராஃபைட் பெட்டியில் (சாகர் என்போம்) கொட்டி, அதே 700 டிகிரி, அதே நேரம் என்று வையுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். முதல் பேட்ச் வெளியே வந்தபோது மேல்பரப்பில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு, நடுவில் நல்ல கருப்பு, அடியில் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஒரு அடுக்கு. ஒரே பெட்டிக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள். மேலே இருந்தது எங்கிருந்தோ நுழைந்த ஆக்சிஜனால் துருவாகிப்போன இரும்பு. அடியில் இருந்தது இன்னும் வேகாத மூலப்பொருள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து சின்ன பேட்டரி செல் செய்து பார்த்தால் 120-ஐக்கூடத் தொடவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? சூடு ஒரு பொடிக் குவியலுக்குள் இறங்க எடுக்கும் நேரம் ஆழத்தோடு நேராகக் கூடுவதில்லை, ஆழத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆழம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. பொடி என்பது துகளும் நடுவே காற்றும், அதைவிட மோசமான வெப்பக்கடத்தி கிடைப்பது கஷ்டம். அப்புறம் வாயு. லித்தியம் கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வரும், கரி வேலை செய்வதால் கார்பன் மோனாக்சைடு வரும். ஒரு கிலோ எல்எஃப்பி உருவாகும்போது வெளியேற வேண்டிய வாயு 700 டிகிரி சூட்டில் கிட்டத்தட்ட 500 லிட்டர். உட்கார்ந்து கணக்குப் போட்டால் யாருக்கும் இது வரும், பள்ளி வேதியியல்தான். ஆனால் ஐந்து கிராம் படகில் அது இரண்டரை லிட்டர், குழாயில் ஓடும் நைட்ரஜனோடு கலந்து சத்தமில்லாமல் போய்விடும், யாரும் அதைப் பற்றி நினைப்பதேயில்லை. நான்கு கிலோ பெட்டியில் அதே வாயு வெளியே வர வழி தேடும், வழி கிடைக்காவிட்டால் உள்ளேயே தங்கி வேதிவினையின் போக்கை மாற்றும், இல்லையென்றால் பொடியைப் பிளந்துகொண்டு வெடித்துக் கிளம்பிச் சூளை முழுக்கத் தூசியாக்கும். எங்களுக்கு இரண்டும் நடந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். ஆய்வகத்தில் புகைக்கூண்டுக்குக் கீழே ஒரு பொருட்டாகவே தெரியாத அந்த வாயுவுக்கு, ஷெட்டில் தனிக் குழாய், எரித்துவிடும் ஏற்பாடு, அலாரம், ஆளுக்கொரு டிடெக்டர் என்று எல்லாம் வேண்டியிருந்தது. எந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலும் இதைப் பற்றி ஒரு வரி பார்த்ததில்லை.

அந்த அடுக்குப் பிரச்சினையைத் தீர்த்தவர் எங்கள் சூளை ஆபரேட்டர். ஐடிஐ படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் குடும்பம் தலைமுறையாகக் காளவாசலில் செங்கல் அடுக்கிய குடும்பம். நாங்கள் சூட்டை ஏற்றுவதா, நேரத்தைக் கூட்டுவதா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் டீ நேரத்தில் சொன்னார். "சார், காளவாசல்ல கல்லு அடுக்கும்போது நடுவுல சந்து விட்டுத்தான் அடுக்குவோம். சந்து இல்லன்னா ஓரத்துக் கல்லு கருகும், உள்ள இருக்கறது பச்சையா கிடக்கும். நீங்க பெட்டிய ரொப்பி அமுக்கி வைக்கிறீங்க." மறுநாளே பெட்டியில் பொடியை நிரப்பிவிட்டு, மேலிருந்து அடிவரை கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து வைத்தோம். அடியில் இருந்த வேகாத அடுக்கு பாதியாகக் குறைந்தது. பிறகு ஆழத்தையும் குறைத்து, சூட்டை ஏற்றும் வேகத்தை வாயு கிளம்பும் கட்டத்தில் மட்டும் மெதுவாக்கினோம், நிலைமை வெகுவாகச் சீரானது. பெரிய தொழிற்சாலைகளிலும் பொடியில் இப்படிக் கோடு கிழிக்கும் பழக்கம் இருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவரவர் ஷெட்டில் அவரவர் பாடுபட்டுக் கண்டுபிடித்திருப்பார்கள் போல.

கோடு கிழிக்க முதலில் எடுத்தது ஒரு ஸ்டீல் பட்டை. அதிலிருந்து அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது. பேட்டரிப் பொடியில் உலோகத் துகள் இருக்கவே கூடாது, பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அதிகம் என்பார்கள் செல் செய்கிறவர்கள். ஒரு துளி இரும்போ ஸ்டீலோ நேர்மின்வாயில் இருந்தால் அது கரைந்து எதிர்ப்பக்கம் போய்ப் படியும், நாளடைவில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய படலத்தைக் குத்தும், செல் தானாகவே சார்ஜ் இறங்கும், மோசமானால் சூடாகும். ஆய்வகத்தில் அகேட் கல் உரலில் அரைக்கிறோம், உலோகமே படாது. ஷெட்டில் பொடி போகும் பாதை முழுக்க உலோகம்: வால்வு, ஸ்குரூ கன்வேயர், சல்லடை, குழாயின் வளைவுகள். பொடி ஓடும் இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். எங்களுடையதில் எது அரித்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது. கடைசியில் அது காந்தம் வைத்த வடிகட்டிக்குப் பிறகு இருந்த ஒரு சின்ன வால்வு. வடிகட்டிக்கு முன்னால் இருந்திருந்தால் காந்தமே பிடித்துக்கொடுத்திருக்கும். வால்வை மாற்றி, குழாய் வளைவுகளுக்கு செராமிக் பூச்சு போட்டு, கோடு கிழிக்கும் பட்டையையும் பிளாஸ்டிக் சீப்பாக மாற்றிய பிறகுதான் உலோகத் துகளின் அளவு இறங்கியது.

நைட்ரஜன் விஷயமும் இப்படித்தான். ஆய்வகத்துக்கு சிலிண்டரில் வரும் நைட்ரஜன் 99.999 சதவீதம் சுத்தம். ஷெட்டில் ஒரு நாளைக்கு வேண்டிய நைட்ரஜனை சிலிண்டரில் வாங்கினால் பொடியின் விலையைவிட வாயுவின் விலை கூடிவிடும், அதனால் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் இயந்திரம் வைப்போம். அதன் சுத்தம் அந்த அளவுக்கு இருக்காது, கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் ஒரு மாதிரி. அப்புறம் மின்வெட்டு. ரோலர் சூளை நிற்கக் கூடாது. உள்ளே சூடாக இருக்கும்போது உருளைகள் சுற்றாமல் நின்றால் பெட்டிகளின் கனத்தில் வளைந்துவிடும். அரை மணி நேர மின்வெட்டில் ஒரு நாள் சரக்கும் சில உருளைகளும் போன அனுபவம் எங்களுக்கு உண்டு, அதற்குப் பிறகுதான் சூளையின் மோட்டாருக்கு மட்டும் தனி பேட்டரி வைத்தோம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், இந்த வேலைக்கு ஏன் வருடக்கணக்கில் ஆகிறது என்று வெளியே யாருக்கும் புரிவதில்லை. சூளையில் ஒரு அமைப்பை மாற்றினால் சூளை நிலைபெற ஒரு நாள். உள்ளே போன பெட்டி வெளியே வர இன்னொரு நாள். அரைத்து, சலித்து, பசையாக்கி, அலுமினியத் தகட்டில் பூசி, காயவைத்து, செல் போட்டு, முதல் சார்ஜ் ஏற்றி இறக்க இன்னும் மூன்று நான்கு நாள். ஒரு கேள்விக்கு ஒரு வாரம். அந்தப் பொடி ஆயிரம் தடவை சார்ஜுக்குத் தாங்குமா என்ற கேள்விக்குப் பல மாதங்கள். வருடத்துக்கு ஐம்பது கேள்விதான் கேட்க முடியும், அதில் பாதி ஏதோ ஒரு வால்வு, ஏதோ ஒரு மழை, ஏதோ ஒரு புது மூட்டை இரும்பு பாஸ்பேட் காரணமாக வீணாகும். ஆய்வகத்தில் பகுப்பாய்வுத் தரத்தில் பாட்டிலில் வாங்கிய மூலப்பொருள் வேறு, லாரியில் மூட்டையாக வருவது வேறு. ஒவ்வொரு லோடும் கொஞ்சம் வேறு.

எங்கள் பைலட் பிளான்டை மூடிவிட்டார்கள். நல்ல பொடி வர ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இதுவரை எத்தனை டன் விற்றீர்கள்? ஒன்றுமில்லை. விற்பனைக்கு என்று அது கட்டப்படவேயில்லை, ஆனால் அதைப் புரியவைக்க எங்களால் முடியவில்லை. அவர்களைத் தீயவர்கள் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கும் வங்கிக் கடன் இருந்தது. ஆனால் சூளையைப் பழைய இரும்புக்கு விற்ற அன்று அந்த ஆபரேட்டர் அண்ணன் ஷெட் வாசலிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தது எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

எல்லா இடத்திலும் இப்படி மூடிவிடுவதில்லை. நம் வீட்டு ஜன்னலில் இருக்கும் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. ஸ்ரீபெரும்புதூரில்கூட அப்படிச் செய்யும் ஆலை இருக்கிறது. இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் அலஸ்டேர் பில்கிங்டனுக்கு அந்த யோசனை வந்தது 1952-ல், உலகத்துக்கு அறிவித்தது 1959 ஜனவரியில். நடுவில் ஏழு வருடம். ஒரு அடி அகலத்துக்குச் சின்ன பைலட், அப்புறம் இன்னும் பெரியது என்று ஏறி, முழு அளவு லைனை ஓட்ட ஆரம்பித்த பிறகும் 14 மாதம் விற்க முடியாத கண்ணாடிதான் வந்தது, அவ்வளவையும் உடைத்துப்போட்டார்கள். ஒருவழியாக நல்ல கண்ணாடி வந்த பின், பழுதாகிப்போயிருந்த ஒரு பாகத்தைப் புதிதாக மாற்றினார்கள், மறுபடியும் குமிழி. அந்தப் பாகம் உடைந்திருந்ததால்தான் கண்ணாடி நன்றாக வந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. மொத்தம் 70 லட்சம் பவுண்டு, அந்தக் காலத்தில். அந்த 14 மாதத்தில் ஏதாவது ஒரு மாதக் கடைசியில் "இதுவரை எவ்வளவு விற்றீர்கள்" என்று கேட்டு மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் ஊரில் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பேட்டரி செல் உற்பத்திக்கு மத்திய அரசு 2021-ல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், ஆனால் அந்தப் பணம் செல்லைச் செய்து விற்ற பிறகு விற்பனையைப் பொறுத்துக் கிடைப்பது. நான் சொல்லும் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அது உதவும். மறுபக்கம் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி நிதி கிடைக்கிறது, அது கட்டுரையோடும் பிஎச்டி பட்டத்தோடும் முடிந்துவிடுகிறது. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு ஆராய்ச்சி, வளர்ச்சி, புதுமைக்கான திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள், ஆய்வகத்தைத் தாண்டிய நிலையில் இருக்கும் வேலைகளுக்கென்றே. இதைப் படித்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் அதில் முக்கியமானது நீண்டகாலக் கடனும் முதலீடும். ஒரு பொடியை ஐந்து கிராமிலிருந்து ஐந்து டன்னுக்குக் கொண்டுபோக நினைக்கும் மூன்று பேர் கொண்ட சின்ன கம்பெனி, குறைந்த வட்டிதான் என்றாலும், கடன் வாங்கி ரோலர் சூளை வாங்குமா? வாங்கக் கூடாது என்றுதான் நானே சொல்வேன். பேட்ச் கெட்டுப்போவதுதான் அந்தக் கட்டத்தின் வேலையே, கெட்டுப்போகும் பேட்ச்சுக்குக் கடன் வாங்க முடியாது.

அதற்குப் பதில் பொதுவாக ஒரு ஷெட் வேண்டும். அரசு கட்டி வைக்கட்டும். ஒரு ஸ்பிரே டிரையர் (கரைசலைத் தெளித்து உலர்த்திப் பொடியாக்கும் இயந்திரம்), ஒரு சாண்ட் மில், நைட்ரஜனில் ஓடும் இருபது முப்பது அடி ரோலர் சூளை, ஒரு ஜெட் மில், காற்றை உலர்வாக வைத்திருக்கும் ஒரு அறை, இரண்டு ஷிப்டுக்குப் பழகிய ஆபரேட்டர்கள். கல்லூரியோ கம்பெனியோ யார் வேண்டுமானாலும் வந்து நாள் வாடகை கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். எங்கே வைப்பது என்றால் என் மனதில் முதலில் வருவது காரைக்குடி. 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, 1953 பொங்கல் அன்று திறந்தார்கள். அவ்வளவு பெரிய இடம், எழுபது வருட மின்வேதியியல் அனுபவம். சென்னை தரமணியில் அவர்களுக்கு லித்தியம் செல் செய்து பார்க்கும் வசதியும் இருக்கிறது. நான் கேட்பது அதற்கு ஒரு படி முன்னால், பொடியை நூறு கிலோ கணக்கில் செய்து பார்க்கிற இடம். ஹைதராபாத்தில் ஏஆர்சிஐ என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் எல்எஃப்பி தொழில்நுட்பத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது, நல்ல விஷயம், அந்த மாதிரி இன்னும் பல வேண்டும். இன்னொரு இந்தியக் கம்பெனி ஜெர்மனியில் மூஸ்பர்க் ஊரில் இருந்த எல்எஃப்பி தொழில்நுட்ப மையத்தையே விலைக்கு வாங்கியது. யாரோ வெளிநாட்டில் வருடக்கணக்கில் பேட்ச்களைக் கெடுத்துக் கற்றுக்கொண்டதை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால் அந்தக் கற்றலுக்கு ஒரு விலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதை இங்கேயே உண்டாக்க ஏன் தயக்கம்?

அந்த ஷெட்டுக்கு ஒரு நிபந்தனை மட்டும் போட வேண்டும் என்பேன். கெட்டுப்போன ஒவ்வொரு பேட்ச்சும் எதனால் கெட்டது என்று எழுதி வைக்க வேண்டும், கம்பெனி ரகசியத்தைத் தொடாத அளவுக்காவது சில வருடம் கழித்துப் பொதுவில் வைக்க வேண்டும். தமிழிலும் எழுத வேண்டும், ஏனென்றால் அதைப் படித்துப் பயன்படுத்தப் போகிறவர்களில் பாதிப் பேர் சூளை ஆபரேட்டர்கள். எங்கள் அண்ணன் சொன்ன சந்து விஷயம் மாதிரி நூறு விஷயங்கள் இந்த மாநிலத்தின் ஷெட்களில் சிதறிக் கிடக்கின்றன. செராமிக் தொழில், டயர், பெயின்ட், சிமென்ட், உப்பளம் என்று எதை எடுத்தாலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஓய்வுபெற்றுப் போகும்போது அவர்களோடு அதுவும் போய்விடுகிறது.

உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு, ஆசிரியர் அவர்களே. இனி இப்படி ஒரு கண்டுபிடிப்புச் செய்தி வரும்போது உங்கள் நிருபர் மூன்று கேள்வி மட்டும் கேட்கட்டும். ஒரு தடவைக்கு எத்தனை கிலோ செய்தீர்கள்? அதேபோல எத்தனை தடவை வந்தது? உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே வேறு யாராவது செய்து பார்த்தார்களா? "ஐந்து கிராம், மூன்று தடவை, இன்னும் வெளியே யாரும் செய்யவில்லை" என்று பதில் வந்தால் அதை அப்படியே போடுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை. கூடவே, ஐந்து கிலோவுக்குப் போக உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி. அந்தப் பதில்களைத் தொடர்ந்து அச்சில் பார்த்தால் நிதி ஒதுக்குகிறவர்களுக்கு எங்கே ஓட்டை என்று தெரியும்.

கடைசியாக அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு. என்னிடம் எங்கள் பைலட் பிளான்டில் எழுதிய பதினோரு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கம்பெனிக்குச் சொந்தமான விவரங்களைத் தரமுடியாது, ஆனால் சாகரில் பொடியை எவ்வளவு ஆழம் நிரப்பலாம், சூட்டை எந்த இடத்தில் மெதுவாக்க வேண்டும், உலோகத் துகள் எங்கிருந்து வரும், மோனாக்சைடு டிடெக்டரை எந்த உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது போன்ற பொதுவான விஷயங்களை உட்கார்ந்து பேசலாம். உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தால் எனக்குத் தெரிவியுங்கள். பஸ் பிடித்து நானே வருகிறேன், அந்த ஆபரேட்டர் அண்ணனையும் அழைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஓசூர்